அம்மாவின் பேஸ்மேக்கர் செக்கப்பில் "எல்லாம் நார்மல்", ஹோல்ட்டரில் மட்டும் இடைவெளி. எதை நம்புவது?

தாமிரபரணிக்காரி எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் கோயில் பிரகாரத்தில் மயங்கி விழுந்தாள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஹார்ட் பிளாக் என்றார்கள். (பிளாக் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "ஸ்டென்ட் வைக்கலையா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, மேலிருந்து கீழே கரண்ட் போகிற வழியில்தான் தடங்கல் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.) அப்போது பிளாக் விட்டுவிட்டு வந்ததாம். இரண்டு லீட் (இதயத்துக்குள் போகிற ஒயர்) உள்ள பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தாள்.

இந்த மாதம் ஒரு புதுத் தொல்லை. விடியற்காலையில் கோலம் போடக் குனிந்து நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். ஒரு நொடிதான். "ஆரோ ஸ்விட்ச்ச அமத்திப் போட்ட மாதிரி இருக்கு" என்கிறாள். விழவில்லை. ஒருமுறை கோலப்பொடிக் கிண்ணம் கையை விட்டுப் போயிருக்கிறது. எங்களிடம் உடனே சொல்லாமல் பால் கணக்கு எழுதும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்: 4, 6, 10, 12, 16. பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

17-ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஹோல்ட்டர் (நாள் முழுக்க இ.சி.ஜி. பதிவு செய்கிற சின்னப் பெட்டி) மாட்டி, மறுநாள் பத்து மணிக்குக் கழற்றினார்கள். 18 காலையிலும் அவளுக்கு அதேபோல் வந்தது. ரிப்போர்ட்டில் இரண்டு இடத்தில் இடைவெளி: 17 மதியம் 1.41-க்கு 1.9 செகண்ட், 18 விடியற்காலை 5.41-க்கு 1.9 செகண்ட். இரண்டிலும் மேல் அறைத் துடிப்பு இருக்கிறது, அதன் பின்னால் கீழ் அறைத் துடிப்பு வரவில்லை. "பேஸிங் ஃபெயிலியர்? லீட் பார்க்கவும்" என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார்கள். (பேஸிங் என்றால் கருவி கொடுக்கிற துடிப்பாம்.) மதியம் 1.41-க்கு அம்மா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அப்போது ஒன்றும் தெரியவில்லையாம்.

அதை எடுத்துக்கொண்டு பேஸ்மேக்கர் செக்கப்புக்குப் போனோம். மிஷினை வைத்துப் பார்த்தவர், "லீட் சூப்பர், பேட்டரி ஏழரை வருஷம் வரும், ஃபங்ஷன் நார்மல்" என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். டாக்டர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். தேவைப்பட்டால் லீடை மாற்றலாம் என்று பேச்சு. மறுபடியும் ஆபரேஷன் என்றால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பிரிண்ட்டில் எனக்குப் படிக்கத் தெரிந்தவை: மோடு ஏஏஐஆர் - டிடிடிஆர் என்று நடுவில் இரு பக்க அம்புக்குறி போட்டிருக்கிறது. குறைந்தபட்ச வேகம் 60. கீழ் அறை பேஸிங் 99.8 சதவீதம். லீட் இம்பீடன்ஸ் (ஒயரின் மின்தடை) 540 ஓம். கீழ் அறை த்ரெஷோல்டு (துடிக்க வைக்கத் தேவையான குறைந்தபட்ச வோல்ட்) 0.75 வோல்ட். லீட் கெட்டுப்போனதா, கருவி கெட்டுப்போனதா, இல்லை இரண்டுமே இல்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேத்லேப் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. 22 வருஷம் பேஸ்மேக்கர் கிளினிக்கில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்வதை அடுத்த வாரம் டாக்டரிடம் கேள்வியாகக் கேளுங்கள். தீர்ப்பு அவருடையது.

உங்கள் அம்மா போட்ட வட்டங்களை இன்னொரு தடவை பாருங்கள். 4, 6, 10, 12, 16, அப்புறம் 18. எல்லாம் இரட்டைப்படைத் தேதி. லீட் உடைந்தால் இப்படித் தேதி பார்த்து உடையாது. அடுத்து ஹோல்ட்டர். மதியம் 1.41-லிருந்து விடியற்காலை 5.41 வரைக்கும் விரல் விட்டு எண்ணுங்கள். சரியாக 16 மணி நேரம். நான் கணக்கை இங்கேயே முடித்துவிட்டேன், மீதியெல்லாம் விளக்கம்தான்.

அந்த இரு பக்க அம்புக்குறிதான் விஷயம். இது ஒரு தானியங்கி ஏற்பாடு. கருவி முதலில் மேல் அறையை மட்டும் கவனித்துக்கொண்டு, கீழ் அறை தானாகத் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு துடிப்பு கீழே இறங்காவிட்டால் பொறுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் தானே ஒரு துடிப்பைக் கொடுத்துவிடும். கடைசி நான்கில் இரண்டு இறங்காவிட்டால், "சரி, பிளாக் வந்துவிட்டது" என்று இரண்டு அறையையும் பேஸ் செய்யும் டிடிடிக்கு மாறிவிடும். (கடைசியில் வரும் ஆர், நடமாட்டத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டுவதற்கு.)

மாறியதோடு விட்டுவிடாது. வழி திறந்துவிட்டதா என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். ஒரு நிமிஷம் கழித்து ஒருமுறை, பிறகு 2 நிமிஷம், 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நின்றுவிடும். எட்டிப் பார்ப்பது என்றால் என்ன? ஒரு சுற்றுக்குக் கீழ் அறை பேஸிங்கை வேண்டுமென்றே நிறுத்திவைத்துப் பார்ப்பது. வழி திறந்திருந்தால் துடிப்பு தானாக இறங்கும். உங்கள் அம்மாவுக்கு இறங்குவதே இல்லை. அதனால் அந்தச் சுற்று காலி.

60 வேகத்தில் ஒரு சுற்று ஒரு செகண்ட். ஒன்று காலியாகி அடுத்தது வரும்போது கிட்டத்தட்ட 1.9 செகண்ட் ஆகிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே எண். இரவுக்கு வேகத்தை 50 ஆகக் குறைத்து வைத்திருந்தால் இது 2.3 வரை போகும்.

16 மணி நேரக் கணக்கில் அது விடியற்காலை 5.41, அன்று இரவு 9.41, மறுநாள் மதியம் 1.41 என்று சுற்றி, மூன்றாம் நாள் திரும்ப 5.41-க்கு வரும். இரவு 9.41-க்கும் மதியம் 1.41-க்கும் அவர் உட்கார்ந்தோ படுத்தோ இருப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் கோலம் போடுகிற நேரத்தில் மாட்டிக்கொள்கிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், குனிந்து நிமிரும் நேரத்தில் இரண்டு செகண்ட் இடைவெளி கண்ணை இருட்டத்தான் செய்யும். வட்டம் போடாத இரட்டைப்படை நாட்களில் அந்த நிமிஷம் உட்கார்ந்து காபி குடித்திருப்பார்.

ஆக, செக்கப் பார்த்தவர் "ஃபங்ஷன் நார்மல்" என்றது பொய்யில்லை. கருவி சொன்ன வேலையைத்தான் செய்கிறது. சொன்ன வேலைதான் இந்த ஆளுக்குப் பொருந்தவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்களையும் திட்ட முடியாது. கீழ் அறையை வலது பக்க நுனியிலிருந்து ஓயாமல் பேஸ் செய்தால் சிலருக்கு இதயம் பலவீனமாகிறது என்று 2002-ல் டேவிட் என்ற ஆய்வும் 2003-ல் மோஸ்ட் ஆய்வின் ஒரு பகுதியும் காட்டின. பேஸிங் 40 சதவீதத்தைத் தாண்டினால் கவலை என்றார்கள். தேவையில்லாமல் கீழ் அறையை உதைக்காதே என்றுதான் இந்த ஏற்பாடே வந்தது. விட்டுவிட்டு பிளாக் வருகிறவர்களுக்கு இது நல்ல பொருள். உங்கள் அம்மாவுக்கு வைத்தபோது அப்படித்தானே இருந்தது? அன்று இந்த மோடு வைத்ததில் தப்பில்லை. சில மாடல்களில் பெட்டியைப் பிரிக்கும்போதே இந்த மோடில்தான் இருக்கும்.

ஆனால் இன்று கீழ் அறை பேஸிங் 99.8 சதவீதம். அதாவது பிளாக் முழுசாகிவிட்டது. இந்த ஏற்பாடு மிச்சப்படுத்த இனி ஒன்றும் இல்லை. லாபம் பூஜ்யம், செலவு மட்டும் 16 மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. நான் வேலையில் இருந்தபோது இந்த 99-ஐப் பார்த்த உடனே அம்புக்குறியைத் தேடுவேன். பிரிண்ட் தாளில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் வருவதால் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். மோடை வெறும் டிடிடி ஆக மாற்றலாமா? பேஸிங்கை மெதுவாக இறக்கினால் அம்மாவுக்குச் சொந்தத் துடிப்பு ஏதாவது வருகிறதா? முதலாவதற்கு ஆபரேஷன் கிடையாது, கத்தி கிடையாது, மிஷினில் இரண்டு நிமிஷ வேலை. லீட் பற்றிய சந்தேகத்தையும் அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள். கையை ஆட்டச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லி இம்பீடன்ஸ் பார்ப்பார்கள். 540-ம் 0.75-ம் எனக்கு நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா? பொட்டாசியம் பார்த்தீர்களா? குட்டி இடைவெளி, நீண்ட இடைவெளி, மறுபடி குட்டி இடைவெளி என்று துடிப்பு வரும்போது, பொட்டாசியம் குறைந்த சிலருக்கு அந்த நீண்ட இடைவெளியே ஆபத்தான வேகத் துடிப்பைக் கிளப்பிவிடும். பயமுறுத்தவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

அதுவரைக்கும் கோலத்தை முக்காலியில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள்.

ஷட்டர் கடை எழுதியது:

கோயமுத்தூர்ங்க. ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். நானும் முழுக்க முழுக்க மிஷினை நம்பி ஓடுற ஆள். தாறுமாறான துடிப்புக்காக, மேலிருந்து கீழே கரண்ட் போகிற வழியில் நடுவில் இருக்கிற கணுவையே சுட்டுவிட்டுத்தான் பேஸ்மேக்கர் வைத்தார்கள். சொந்தத் துடிப்பு என்று ஒன்று கிடையாது.

எனக்கு வந்தது வேறு மாதிரி. ராத்திரி கடையின் ஷட்டரை இழுத்து இறக்கும்போது மட்டும் தலை கிறுகிறு என்று வரும். ஷட்டர் தரையைத் தொடுவதற்குள் சரியாகிவிடும். சுகர் என்றார்கள், வயிற்று வாயு என்றார்கள். எட்டு மாதம் பையன்தான் ஷட்டரை இறக்கினான்.

கடைசியில் ஒரு செக்கப்பில் ஒரு சின்னப் பொண்ணு (டெக்னீஷியன்தான், 25 வயசு இருக்கும்) "ஐயா, சாமி கும்பிடற மாதிரி ரெண்டு கையையும் சேர்த்து நல்லா அழுத்துங்க" என்றது. அழுத்தினேன். திரையில் கீழ் அறைக் கோடு புல் முளைத்த மாதிரி நடுங்கியது. பேஸிங் நின்றது. எனக்குக் கண் இருட்டியது. "விடுங்க விடுங்க" என்று கத்தியது.

என்ன ஆச்சு என்றால், லீடின் வெளி ஒயரில் ஒரு கோளாறு. இம்பீடன்ஸ் எகிறியிருக்கிறது. மிஷின் தானாகவே முடிவெடுத்து, லீடின் இரண்டு முனைக்கு நடுவில் பார்ப்பதை விட்டுவிட்டு, நுனிக்கும் நெஞ்சில் இருக்கும் பெட்டிக்கும் நடுவில் பார்க்கிற மாதிரி மாறிக்கொண்டது. யூனிபோலார் என்றார்கள். அப்படி மாறவில்லை என்றால் ஒயர் கோளாறில் அன்றே போயிருப்பேன், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் மாறிய பிறகு நெஞ்சுச் சதையின் இறுக்கத்தையும் இதயத் துடிப்பு என்று எண்ணிக்கொண்டு, "ஓ, தானாகவே துடிக்குது" என்று சும்மா இருந்துவிட்டது. அதுதான் ஷட்டர் மயக்கம்.

சென்சிட்டிவிட்டியை 2-லிருந்து 4 ஆக வைத்து அனுப்பினார்கள். நம்பரைக் கூட்டினால் உணர்வு குறையும் என்பது எனக்கு இன்னும் குழப்பம்தான். இரண்டு வாரத்தில் புது லீட் போட்டாச்சு.

அம்மாவுக்கு உங்க ஊர்ல அந்தக் கும்பிடு டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்க. கேத்லேப் சார் சொல்ற கணக்கு சரியாத்தான் இருக்கும்போல, இருந்தாலும் செஞ்சுடட்டும்.

வெறும்_வாசகன் எழுதியது:

படிக்கப் படிக்க ஒன்று தோன்றுகிறது. என் அப்பாவுக்கும் போன வருடம் வைத்தார்கள். இந்த "ஆட்டோ" சமாச்சாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நிமிஷத்துக்கு 70 என்று ஒரே சீராக அடிக்க விட்டுவிட்டால் வம்பே இல்லையே? எதற்கு இவ்வளவு புத்திசாலித்தனம்?

பழைய கேத்லேப் எழுதியது:

அப்படித்தான் தொடங்கியது தம்பி. 1958-ல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள் வைத்த முதல் கருவி வெறுமனே அடித்துக்கொண்டே இருக்கும், எதையும் கேட்காது. அதுவும் சில மணி நேரத்தில் நின்றுபோனது. அந்த மனிதர் அதற்கப்புறம் இருபதுக்கும் மேல் கருவி மாற்றி 2001 வரை இருந்தார். காது கேட்காத கருவி, இதயம் தானே துடித்து ஓய்கிற அந்த மென்மையான கணத்தில் போய் அடித்தால் வினை. அதனால்தான் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்கத் தெரிந்தால் தப்பாகக் கேட்கவும் தெரியும். ஷட்டர் கடைக்காரருக்கு வந்தது அதுதான்.

(ஐயா, உங்கள் 2, 4 குழப்பத்துக்கு: சல்லடைக் கண் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பெரிதாக்கினால் தவிடு கீழே போய்விடும், கல் மட்டும் நிற்கும்.)

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். தினமும் இரவில் த்ரெஷோல்டைத் தானே அளந்துகொள்ளும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட்டைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கும். ஒவ்வொரு சோதனை அடிக்கும் பின்னாலேயே பெரிய அடி ஒன்றைக் கொடுத்துவிடும், அதனால் துடிப்பு தவறாது. சிறுநீரகம் கெட்டுப் பொட்டாசியம் ஏறியவருக்கு, சில துடிப்பு மாத்திரைகள் புதிதாகத் தொடங்கியவருக்கு த்ரெஷோல்டு சத்தமில்லாமல் ஏறும். அடுத்த செக்கப் ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதத்தில் காப்பாற்றுவது இதுதான். ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று த்ரெஷோல்டுக்கு ஒட்டினாற்போல் வோல்ட்டை வைக்கிற வகையை, மிஷினையே நம்பி இருக்கிறவருக்கு நான் விட மாட்டேன். கீழ் வரம்பு ஒன்று வைக்கச் சொல்வேன், 2.5 வோல்ட் மாதிரி. அதற்குக் கீழே அது தன் இஷ்டத்துக்கு இறங்கக் கூடாது. பேட்டரி ஒரு வருஷம் முன்னால் தீரட்டுமே.

மூச்சைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் சென்சார் இன்னொன்று. பெட்டிக்கும் லீடுக்கும் நடுவில் சின்னச் சமிக்ஞை அனுப்பி மூச்சை அளக்கும். லீட் இணைப்பு சரியில்லாதபோது அந்தச் சமிக்ஞையையே இதயத் துடிப்பு என்று கருவி எண்ணி, பேஸிங்கை நிறுத்திவிடலாம் என்று 2017 டிசம்பரில் பாஸ்டன் சயின்டிபிக் கம்பெனியே டாக்டர்களுக்கு எழுதியது. மிஷினையே நம்பியவர்களுக்கு அந்த சென்சாரை அணைத்துவிடுங்கள் என்பதுதான் அப்போதைய வழி. பிறகு கருவியே கண்டுபிடித்து அணைத்துக்கொள்ளும்படி சாஃப்ட்வேர் வந்தது. 2024 டிசம்பரில் அதே கம்பெனியின் அக்கோலேட் என்ற பேஸ்மேக்கர் வரிசையில் ஒரு பகுதிக்கு வேறொரு எச்சரிக்கை: பேட்டரிக் கோளாறால் கருவி "சேஃப்டி மோடு"க்குப் போய்விடும், திரும்ப மாற்ற முடியாது. அந்த மோடு யூனிபோலார். ஷட்டர் கடைக்காரர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் சேஃப்டி. சொந்தத் துடிப்பு இல்லாதவர்களுக்கு அது சேஃப்டி இல்லை.

தம்பி, உங்கள் அப்பாவின் கார்டில் கருவியின் மாடல் பெயர் இருக்கும். அடுத்த செக்கப்பில் "இவர் எவ்வளவு தூரம் இதை நம்பி இருக்கிறார்" என்று கேட்டு அதையும் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். அவருக்குச் சொந்தத் துடிப்பு 50 இருக்கிறது என்றால் நான் மேலே எழுதியதில் பாதிக்கு நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

தாமிரபரணிக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பெரியவரே, உங்களை அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறேன்.

22-ஆம் தேதி போனோம். 1.41, 5.41 இரண்டையும் ஒரு தாளில் எழுதி, நடுவில் "16 மணி" என்று போட்டு டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் "இத யாரும்மா சொன்னா?" என்றார். மிஷின்காரரைக் கூப்பிட்டார்.

முதலில் கும்பிடு டெஸ்ட். கோடு அசையவில்லை. அப்புறம் பேஸிங்கை 60, 50, 40 என்று இறக்கினார்கள். 30-ல் வைத்துவிட்டு கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார்கள். திரையில் மேல் அறையின் சின்ன மேடுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கீழே ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. நான் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா "என்னமோ கிணத்துக்குள்ள இறங்குத மாதிரி இருக்கு" என்றாள். உடனே ஏற்றிவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து பத்து செகண்ட் இருந்தால் அதிகம்.

மோடை டிடிடிஆர் ஆக மாற்றினார்கள். அம்புக்குறி போய்விட்டது. பேட்டரி அதே ஏழரை வருஷம்தான் காட்டியது. இரவு அளவீட்டை நிறுத்தவில்லை, கீழ் வரம்பு மட்டும் 2.5 வைத்தார்கள். கேட்டபோது மிஷின்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் டாக்டர் தலையாட்டினார். கார்டில் சிவப்பு மையில் "பேஸ்மேக்கர் டிபெண்டன்ட்" என்று எழுதி வாங்கியாயிற்று. பொட்டாசியம் 3.3தான் இருந்தது, குறைவாம். நீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஷட்டர் கடை அண்ணனுக்கும் நன்றி. இப்போது ஷட்டரை நீங்களே இறக்குகிறீர்களா?

அம்மா முக்காலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள், உட்கார்ந்து போட்டால் கோடு கோணுகிறதாம். காலண்டரில் 24, 26, 28 மூன்றிலும் வட்டம் இல்லை. 28-ல் மட்டும் அரை லிட்டர் பால் கூடுதல் என்று எழுதியிருக்கிறாள். அன்றைக்கு என் வீட்டுக்காரரின் தம்பி வந்திருந்தார்.